பல்லு அழகுக்கு இல்லைங்க: இன்சூரன்ஸ் விதி எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார், மேடம்,

வணக்கம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துல பாலிசி வாசகம் எழுதுறவங்களுக்கும், கம்பெனிகள்ல க்ளெய்ம் பேப்பரைப் பார்த்து இது சிகிச்சை இது அழகுன்னு பிரிக்கிறவங்களுக்கும், அரசு காப்பீட்டுல எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவுன்னு பேக்கேஜ் ரேட் போடுறவங்களுக்கும் சேர்த்துதான் இந்த மடல். கட்டிக்காக தாடை எலும்பையே எடுத்தவங்களுக்கு வெக்கிற பல்லு அழகு இல்ல, சிகிச்சைன்னு சொல்லத்தான் எழுதுறேன். தனித்தனியா எழுதலாம்தான், ஆனா எழுதினா ஒருத்தர் இன்னொருத்தரை கைகாட்டி விட்டுடுவீங்க, அதான் எல்லாரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சு பேசுறேன், டீச்சர் புத்தி, மன்னிச்சுக்கோங்க.

நான் கும்பகோணம். தமிழ் டீச்சர். 2019 ஐப்பசி வாக்குல கீழ்ப்பல்லு ஒண்ணு ஆட ஆரம்பிச்சுது, வலி எதுவும் இல்ல. பக்கத்து டாக்டர் சீழ்னு நெனச்சு அந்தப் பல்லைப் புடுங்கினாரு, புடுங்கின குழி ஆறவே இல்ல, தாடை மெதுவா வெளிய தள்ளிக்கிட்டே வந்துது. வீட்டுல ஞானப்பல்லு முளைக்குதுன்னாங்க, 36 வயசுல என்ன ஞானம்னு சிரிச்சோம். அப்புறம் முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்ரே, ஓபிஜின்னு சொல்லுவாங்களே, அது எடுத்தப்போ எலும்பு இருக்க வேண்டிய இடத்துல சோப்பு நுரை மாதிரி கொப்புளம் கொப்புளமா தெரிஞ்சுது. சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. அமெலோபிளாஸ்டோமா.

எனக்கு முன்னாடி பேர் கூட தெரியாது. பல்லோட எனாமலை உண்டாக்குற செல்லு கூட்டத்துலேர்ந்து வர்ற கட்டியாம். பெரும்பாலும் கீழ்த்தாடையிலதான் வரும், மெதுவா வளரும், வலிக்காது, அதனாலயே லேட்டா கண்டுபிடிப்பாங்க. கேன்சர் இல்ல. இந்த ரெண்டு வார்த்தையை டாக்டர் சொன்னதும் எங்க வீட்டுக்காரர் அங்கயே கையெடுத்து கும்பிட்டாரு. ஆனா அடுத்த வாக்கியத்துலயே டாக்டர் சொன்னாரு, கேன்சர் இல்லைன்னாலும் இது எலும்பைத் தின்னுக்கிட்டே போகும், சும்மா சுரண்டி விட்டா திரும்ப வர்ற சான்ஸ் அதிகம், அதனால கட்டியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர், ரெண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து அறுத்து எடுக்கணும்னு.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். எங்க ஊரு கொழுந்து வெத்தலைக்குப் பேர் போன ஊரு, அதனால வாயில கட்டின்னு சொன்னதும் கேக்குறவங்க எல்லாருக்கும் முதல்ல வர்ற சந்தேகம் நான் பாக்கு போடுவேனா, புகையிலை போடுவேனான்னுதான். பாக்கு கேன்சர் வரவழைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு 2004லயே சொல்லிடுச்சு, அது உண்மை, யாரும் போடாதீங்க. ஆனா என் கட்டிக்கும் பாக்குக்கும் சம்பந்தமே இல்ல. கல்யாண வீட்டுல கூட வெத்தலையை வாங்கி பையில வெச்சுக்குற ஆளு நான். தப்பு பண்ணாதவளுக்கும் தப்பு பண்ணின மாதிரி ஒரு பார்வை, அது தனி வலி.

2020 ஜனவரியில சென்னையில ஆபரேஷன். காலையில உள்ள போனேன், வெளிய வரும்போது ராத்திரி ஆயிடுச்சாம். இடது பக்க தாடை மூலையிலேர்ந்து முன்பக்கம் நாடியைத் தாண்டி வலது கோரைப்பல்லு வரைக்கும் எலும்பு போச்சு, அதோட கீழ்ப்பல்லு பத்து போச்சு. அந்த இடத்துல என் இடது கால்லேர்ந்து ஃபிபுலா, முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்புல மெலிசா இருக்குமே வெளிப்பக்கத்து எலும்பு, அதை ரத்தக்குழாயோட எடுத்து, மூணு துண்டா அறுத்து தாடை வளைவுக்கு மடக்கி, டைட்டானியம் பிளேட் போட்டு, கழுத்து ரத்தக்குழாயில மைக்ரோஸ்கோப் வெச்சு தெச்சாங்க. கால் தோல் ஒரு திட்டு வாய்க்குள்ள. கால்ல தோல் எடுத்த இடத்துக்குத் தொடையிலேர்ந்து தோல். ஒரு இடத்து ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்துல ஓட்டை, எங்க பாட்டி பழைய புடவையில ஒட்டு போடுற மாதிரியே. இந்த ஃபிபுலாவை கீழ்த்தாடைக்கு வெக்கிறதை 1989ல நியூயார்க்ல ஹிடால்கோன்னு ஒரு சர்ஜன் செஞ்சு எழுதினாராம், இன்னைக்கு நம்ம ஊர்லயும் பெரிய ஆஸ்பத்திரிகள்ல செய்றாங்க. கைராசிக்காரங்க, அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. மூக்குல ட்யூப், கழுத்துல ஓட்டை, மணிக்கு மணி நர்ஸ் வந்து வாய்க்குள்ள இருக்கிற தோலை ஊசியால குத்தி ரத்தம் வருதா, ஃப்ளாப், அதான் கால்லேர்ந்து கொண்டுவந்து வெச்ச எலும்பும் தோலும், உயிரோட இருக்கான்னு பார்ப்பாங்க. உயிரோட இருந்துது.

இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் காசு குடுத்துச்சு. அதையும் சொல்லணும், நன்றி மறக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரரோட கம்பெனி குரூப் பாலிசி, பில்லுல பெரும்பகுதி வந்துச்சு.

டிஸ்சார்ஜ் சம்மரியில கடைசி வரி "நோயாளி நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்"னு இருந்துது. நல்ல நிலைன்னா என்னன்னு இப்போ சொல்றேன், இந்தப் பகுதியை மட்டும் வேகமா ஓட்டாம படிங்க.

கீழ உதடு இடது பாதி மரத்துப் போச்சு, ஏன்னா அந்த நரம்பு தாடை எலும்புக்குள்ள ஓடுறது, எலும்போட சேர்ந்து அதுவும் போயிடுச்சு. ரசம் சாப்பிட்டா நாடியில வழியும், எனக்குத் தெரியாது. எதிர்ல உக்கார்ந்திருக்கிற என் பொண்ணு, அப்போ மூணாவது படிச்சிட்டிருந்தா, ஒண்ணும் சொல்ல மாட்டா, தன்னோட நாடியை விரலால தொட்டுக்காட்டுவா. நான் துடைச்சுப்பேன். இது எங்களுக்குள்ள ஒரு சைகை ஆயிடுச்சு. ஒன்பது வயசுப் பிள்ளை அம்மாவுக்கு வாய் துடைக்கச் சொல்லிக்குடுக்குற வீடு.

கீழ்ப்பல்லு இல்லாததால உதட்டுக்கு முட்டுக்கொடுக்க ஒண்ணும் இல்ல, உள்ள மடிஞ்சு விழும். பல்லும் உதடும் சேர்ந்தாதான் "வ" பிறக்கும்னு கிளாஸ்ல எத்தனை வருஷம் சொல்லிக்குடுத்திருப்பேன்! மேல்பல்லு இருக்கு, அது வந்து தொட வேண்டிய கீழ் உதடு அங்க இல்ல. "வாழ்வு"ன்னு சொன்னா காத்துதான் வரும். ச வந்தா விசில். பல்லு போனா சொல்லு போச்சுன்னு பெரியவங்க வயசானவங்களைப் பார்த்து சொன்னது, எனக்கு 36 வயசுல வந்துடுச்சு, அதுவும் சொல்லை வெச்சுப் பொழைக்கிறவளுக்கு. கொரோனா லாக்டவுன் வந்தப்போ ஊரே அழுதுச்சு, வெளிய சொல்லக் கூடாது, நான் நிம்மதியா மூச்சு விட்டேன், ஏன்னா எல்லாருக்கும் மாஸ்க், எல்லாருக்கும் ஆன்லைன் கிளாஸ், டீச்சர் குரல் சரியா கேக்கலைன்னா நெட்வொர்க் மேல பழி.

சாப்பாடு. வலது பக்கம் கடைவாய்ப்பல்லு மிச்சம் இருந்துச்சே அதுல மெல்லலாமேன்னு கேப்பீங்க. மெல்லலாம், ஆனா மெல்லுறதுல பாதி வேலை பல்லோடது இல்லைங்க, உணவை நாக்கு ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் தள்ளி பல்லு மேல கொண்டுபோய் வெக்கணும், கன்னமும் உதடும் அணை கட்டி நிக்கணும். எனக்கு இடது பக்கம் பூரா ஒரு வழுக்குப் பள்ளம், அதுல சோறு போய் உக்காந்துக்கும், விரல் விட்டு எடுக்கணும். இதை எந்த பந்தியில உக்காந்து செய்யறது? அதனால பந்திக்குப் போறதை நிறுத்தினேன். கல்யாணத்துக்குப் போனா "இன்னைக்கு விரதம்"னு சொல்லிடுவேன். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், கிழமையே பாக்கி இல்ல, சொந்தக்காரங்க நடுவுல நான் பெரிய பக்திமான்னு பேரு. மாமியாருக்கு மட்டும் விஷயம் தெரியும், நான் வீட்டுக்கு வந்ததும் மிக்ஸியில அடிச்ச சாம்பார் சாதத்தை ஒண்ணும் கேக்காம கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிடுவாங்க. ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட நான் யார் கூடவும் சேர்ந்து சாப்பிடல. 11 கிலோ இளைச்சேன்.

அப்போ சாதாரண பல் செட்டு போட்டுக்க வேண்டியதுதானேன்னு ஒரு கேள்வி வரும். உங்க ஆளுங்களே போன்ல கேட்டாங்க. கழட்டி மாட்டுற செட்டு நிக்கணும்னா கீழ ஈறு மேடா, கெட்டியா இருக்கணும், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கணும். எனக்கு இருந்தது கால் தோல், தடியா, மெத்து மெத்துன்னு, அசையுற தோல், பள்ளமே இல்ல. அதுவும் மரத்த இடம், செட்டு அழுத்தி புண்ணானா கூட வலி தெரியாது. ஃபிபுலா எலும்போட உயரம் வேற நம்ம தாடை எலும்புல பாதி கூட வராது. ஒரு செட்டு செஞ்சு போட்டும் பார்த்தாங்க. தும்மினா தட்டுல வந்து விழுந்துச்சு. இது ஜோக் இல்ல, நடந்தது.

அதனாலதான் இம்பிளான்ட். கால் எலும்பு உள்ள நல்லா ஒட்டி உயிரோட இருக்கும்போது அதுலயே டைட்டானியம் ஸ்க்ரூ இறக்கி, சில மாசம் விட்டா எலும்பு அந்த ஸ்க்ரூவைக் கெட்டியா பிடிச்சுக்கும், அப்புறம் அது மேல பல்லை மாட்டலாம். நீங்க இம்பிளான்ட்னு கேட்டதும் சினிமாக்காரங்க சிரிப்பு விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வருது போல. இந்த முறையைக் கண்டுபிடிச்ச ஸ்வீடன்காரர் பிரோனமார்க், 1965ல முதல் முதலா ஒரு மனுஷனுக்கு வெச்சாரு, யோஸ்டா லார்சன்னு பேரு. அவருக்குப் பொறவிலயே அண்ணம் பிளந்திருந்துச்சு, தாடை சரியில்ல, கீழ பல்லு இல்ல, சாப்பிட முடியாத கஷ்டம். அந்த ஸ்க்ரூக்கள் அவர் 2006ல கண்ணை மூடுற வரைக்கும், 40 வருஷத்துக்கு மேல நின்னுச்சு. அதாவது இம்பிளான்ட் தொடங்கினதே தாடை கெட்டுப்போன ஒருத்தருக்காகத்தான். அழகு, விளம்பரம் எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்துக்கிட்டது. இப்போ நீங்க பின்னாடி வந்தவங்களைக் காட்டி முதல்ல வந்தவரையே வரிசையிலேர்ந்து வெளிய தள்ளுறீங்க.

2021ல எஸ்டிமேட் போட்டு அனுப்பினோம். அஞ்சு இம்பிளான்ட், பிளேட்டுல இடைஞ்சலா இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்டுறது, வாய்க்குள்ள தடிச்ச தோலை மெலிசாக்கி அண்ணத்துலேர்ந்து சதை எடுத்து ஒட்டுறது, மேல பல்லு, எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம். பதில் வந்துச்சு, ரெண்டு காரணம். ஒண்ணு, பல் சிகிச்சை பாலிசியில கிடையாது, விபத்துல அடிபட்டா மட்டும் உண்டு. ரெண்டு, இது தோற்றத்தை மாத்துற சிகிச்சை.

ரெண்டாவது காரணத்துக்கு அவங்க காட்டின விதியைத் தேடி எடுத்துப் படிச்சேன். எல்லா கம்பெனிக்கும் பொதுவா நீங்க எழுதிக்குடுத்த வாசகம்தான் அது. அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி இதுக்கெல்லாம் காசு கிடையாது, ஆனா விபத்து, தீக்காயம், கேன்சர் இதுக்கு அப்புறம் செய்யுற மறுசீரமைப்புன்னா உண்டு, இல்லைன்னா உடனடியா நேரடியா உடம்புக்கு ஆபத்து இருந்து அதை நீக்க மருத்துவ ரீதியா தேவைப்பட்டா உண்டு. இதான் சாரம். விபத்து, தீக்காயம், கேன்சர். மூணுலயும் நான் இல்ல. பாதி முகத்தோட எலும்பு போயிருக்கு, ஆனா கட்டி கேன்சர் இல்ல. சோறு மெல்ல முடியல, ஆனா அது "உடனடி ஆபத்து" இல்ல, மிக்ஸி இருக்கே! எந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டு எங்க வீட்டுக்காரர் கும்பிட்டாரோ அதே ரெண்டு வார்த்தையாலதான் க்ளெய்ம் போச்சு. அன்னைக்கு ராத்திரி நான் ஒரு நிமிஷம் நெனச்சேன், கேன்சராவே இருந்திருக்கலாமோன்னு. நெனச்சதுக்கு அப்புறம் என் மேலயே எனக்கு பயம் வந்துடுச்சு. ஒரு விதி ஒரு மனுஷியை அப்படி நெனைக்க வெக்கக் கூடாதுங்க.

கேன்சர்காரங்களுக்கு மட்டும் எல்லாம் நல்லா நடக்குதான்னா அதுவும் இல்ல. ஓபியில பக்கத்துல உக்காந்திருந்த ஒரு ஐயா, பட்டுக்கோட்டை பக்கம், கன்னத்துல வந்து தாடைக்குப் பரவினது, அவருக்கு அந்த அழகு விதி தடுக்கலை, ஆனா "பல் சிகிச்சை"ங்கற முதல் காரணத்துலயே நிறுத்திட்டாங்களாம். நம்ம நாட்டுல வாய்க் கேன்சர் 2020ல மட்டும் 1,35,000 பேருக்கு மேல புதுசா வந்ததா சர்வதேசக் கணக்கு சொல்லுது. அதுல எத்தனை பேருக்குத் தாடை எடுத்திருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு ரேடியேஷன் வேற குடுப்பாங்க, ரேடியேஷன் பட்ட எலும்புல இம்பிளான்ட் நிக்கிறது கஷ்டம், எலும்பே செத்துப்போற ஆபத்து உண்டு, எல்லாருக்கும் வெக்க முடியாது, டாக்டர் பார்த்து வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான். அதை முடிவு பண்றது டாக்டர் வேலை. எனக்கு ரேடியேஷன் கிடையாது, கட்டி திரும்ப வரல, எலும்பு நல்லா ஒட்டியிருக்கு, வயசு இருக்கு. மருத்துவ ரீதியா பார்த்தா இம்பிளான்ட்டுக்கு என்னை மாதிரி தோதான ஆள் கிடைக்க மாட்டாங்க. உங்க பேப்பர் ரீதியா பார்த்தா என்னை மாதிரி தோதில்லாத ஆள் கிடைக்க மாட்டாங்க.

ஓம்பட்ஸ்மேன்கிட்ட, அதான் இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிறவர்கிட்ட, போயிருக்கலாமேன்னு இப்போ நெறைய பேர் சொல்றாங்க. நிராகரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணுமாம். அந்த ஒரு வருஷம் நான் போன் எடுத்து "ஹலோ" சொல்லவே கூசிட்டு இருந்தேன், எதிர்ல இருக்கிறவங்க "என்ன மேடம், சரியா கேக்கல"ன்னு மூணு தடவை கேட்டா போனை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுவேன். வாய் போனவ எங்க போய் வாதாடுறது.

வளையல், ஆரம் அடகுக்குப் போச்சு. 2021 கார்த்திகையில ஸ்க்ரூ இறக்கினாங்க. அஞ்சுல ஒண்ணு ஒட்டல, எடுத்துட்டாங்க, நாலு நின்னுச்சு. நாலையும் சேர்த்து ஒரு கம்பி மாதிரி பார், அது மேல டக்குன்னு மாட்டுற பல்லு வரிசை. 2022 ஆடியில வாய்க்கு வந்துச்சு. இதுல மறைக்க ஒண்ணும் இல்ல, இது மந்திரம் இல்ல. உதடு இன்னும் மரத்துதான் இருக்கு, ரசம் இன்னும் எப்பவாவது வழியும். ஸ்க்ரூவைச் சுத்தி அந்தத் தடித் தோல் வளர்ந்து மூடப் பார்க்கும், ரெண்டு தடவை வெட்டி விட்டாங்க. தினமும் ராத்திரி கழட்டி சின்ன பிரஷ்ஷால சந்து சந்தா தேய்க்கணும், சோம்பேறித்தனம் பட்டா சீழ் வெச்சுடும். முறுக்கு, கரும்பு, நெஞ்செலும்பு, இதெல்லாம் தொடக்கூடாதுன்னு கண்டிஷன்.

ஆனா பல்லு மாட்டின மூணாவது நாள் மாமியார் தோசை ஊத்துனாங்க, ஓரம் முறுவலா. வழக்கம் போல பிச்சு சாம்பார்ல ஊற வெக்கப் போனேன், பொண்ணுதான் "அம்மா, கடிச்சுப் பாரேன்"னா. கடிச்சேன். நொறுக்குன்னு சத்தம் வந்துச்சு. ரெண்டரை வருஷம் கழிச்சு என் வாய்க்குள்ளேர்ந்து வந்த சத்தம், காதுக்குள்ள வழியா கேட்டுச்சு. நொறுங்கத் தின்றால் நூறு வயதுன்னு போர்டுல எழுதிப் போட்டு எத்தனை பேட்ச் பிள்ளைங்களுக்கு விளக்கம் சொன்னேனோ, அந்த நொறுங்கன்ற வார்த்தைக்கு அர்த்தம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இப்போ "வ" வருது. ச மட்டும் லேசா விசில், பிள்ளைங்க கண்டுக்கறதில்ல. விரதம் எல்லாம் கலைஞ்சுபோச்சு, சொந்தக்காரங்க கொஞ்சம் ஏமாந்துதான் போயிட்டாங்க.

இன்னொரு விஷயம். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆனப்போ ஒரு பிஜி படிக்கிற டாக்டர் பையன் தீசிஸுக்குன்னு ஒரு ஃபார்ம் கொண்டுவந்தாரு, யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் ஃபார்ம்னு சொன்னாரு, தலை கழுத்து ஆபரேஷன் ஆனவங்களோட வாழ்க்கைத் தரத்தை அளக்குறது, வலி, தோற்றம், விழுங்குறது, மெல்லுறது, பேச்சு, எச்சில், மனசுன்னு 12 தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு மார்க். மெல்லுறதுக்கு மூணே பதில், முன்ன மாதிரியே மெல்ல முடியும், மெதுவானதை சாப்பிட முடியும் சிலதை மெல்ல முடியாது, மெதுவானதைக்கூட மெல்ல முடியாது. வலி இல்லைன்னு எழுதினேன், தோள்பட்டை நல்லா இருக்குன்னு எழுதினேன், எச்சில், ருசி எல்லாம் நல்ல மார்க். மெல்லுறதுல சைபர். கூட்டி வகுத்துப் பார்த்த டாக்டர் "நல்ல ஸ்கோர் மேடம்"னு சந்தோஷப்பட்டாரு. பாவம், நல்ல பையன். பரீட்சைப் பேப்பர் திருத்துற எனக்குத் தெரியும், எல்லாப் பாடத்துலயும் தொண்ணூறு வாங்கி ஒண்ணுல சைபர் வாங்கின பிள்ளையோட சராசரி நல்லாத்தான் இருக்கும், ஆனா ரிசல்ட்ல ஃபெயில்னுதான் வரும். எங்களை மாதிரி ஆளுங்களோட ஃபைலைப் பார்க்கும்போது சராசரியைப் பார்க்காதீங்க, மெல்லுறதுன்ற ஒரு வரியை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க.

வெளிநாட்டுல எப்படின்னு என் தம்பி தேடிக்குடுத்தான். ஜெர்மனியில அரசு இன்சூரன்ஸ் இம்பிளான்ட்டுக்குக் காசு குடுக்காது, அவங்களும் நம்மள மாதிரி கறார்தான். ஆனா சட்டத்துலயே விதிவிலக்கு வெச்சிருக்காங்க, தாடையில பெருசா குறை ஏற்பட்டு முழு மருத்துவ சிகிச்சையோட ஒரு பகுதியா பல்லு வெக்க வேண்டி வந்தா உண்டுன்னு, அந்தப் பட்டியல்ல கட்டி ஆபரேஷன்னு வருது. கேன்சர் ஆபரேஷன்னு இல்ல, கட்டி ஆபரேஷன். பெரிய நீர்க்கட்டி எடுத்தது கூட அதுல இருக்கு. இங்கிலாந்துல அரசு செலவுல இம்பிளான்ட் யாருக்கு முதல்லன்னு சர்ஜன்கள் சங்கம் வழிகாட்டி போட்டிருக்கு, அதுல தலை கழுத்துக் கேன்சர்காரங்க முன்வரிசையில இருக்காங்க. நியூயார்க்ல ஒரு படி மேல போய், என்னுது மாதிரி கேன்சர் இல்லாத கட்டிக்குக் கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே திட்டம் போட்டு, கட்டியை எடுக்குற அதே நாள், அதே ஆபரேஷன்ல கால் எலும்புல இம்பிளான்ட்டும் பல்லும் மாட்டி அனுப்பினதை 2013ல எழுதியிருக்காங்க. உள்ள போகும்போது பல்லோட போய் வெளிய வரும்போதும் பல்லோட வர்றது. நான் அந்த அளவுக்கெல்லாம் ஆசைப்படல.

நம்ம ஊரு விதியிலயே கூட வழி இருக்குங்க. 2020 ஏப்ரல்லேர்ந்து எல்லா கம்பெனியும் விக்கணும்னு நீங்க கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில நோயாலயோ காயத்தாலயோ தேவைப்படுற பல் சிகிச்சை உண்டுன்னு ஒரு வரி இருக்கு. நோயாலயோ. அந்த ஒரு சொல்லு எங்க பாலிசியில இல்ல, விபத்து மட்டும்தான் இருந்துச்சு. அந்த வரியை எல்லா பாலிசிக்கும் பொதுவாக்குங்க, தாடை எடுத்தவங்களுக்கு வெக்கிற இம்பிளான்ட்டும் அதுல அடங்கும்னு பக்கத்துலயே தெளிவா எழுதுங்க, இல்லைன்னா அதையும் ஒருத்தர் வேற மாதிரி படிச்சுடுவாரு. அழகு சிகிச்சை விதியில விபத்து, தீக்காயம், கேன்சர்னு இருக்குற இடத்துல "கட்டி"ன்னு ஒரு சொல்லு சேருங்க. பேக்கேஜ் ரேட் போடுறவங்க தாடை மறுசீரமைப்புன்னு போடும்போது பல்லு வர்ற வரைக்கும் சேர்த்து ஒரே சிகிச்சையா போடுங்க, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் தள்ளி நடந்தாலும் அது அதே சிகிச்சைதான். வீடு கட்டக் கடன் குடுக்குறவங்க சுவரோட நிறுத்திட்டு கதவு அழகுக்குன்னு சொல்லுவாங்களா? எலும்புக்கு அவ்வளவு லட்சம் குடுத்ததே அது மேல பல்லு நிக்கணும்னுதானே, வெறும் நாடி நேரா தெரியணும்னு குடுத்திருந்தா அதுதாங்க அழகு சிகிச்சை.

என் காசு திரும்ப வேணும்னு இதை எழுதல, அது முடிஞ்சு போச்சு, ஆரம் போன மாசிதான் மீட்டோம். போன வாரம் ரிவ்யூவுக்கு சென்னை போயிருந்தேன். வராண்டாவுல ஒரு பையன், 19 வயசு இருக்கும், பாலிடெக்னிக் படிக்கிறானாம், வாயை கர்ச்சீப்பால மூடிக்கிட்டு சுவர் பக்கம் திரும்பி உக்காந்திருந்தான். எனக்கு இருந்த அதே கட்டி, அதே ஆபரேஷன், கால்ல அதே கோடு. அவங்க அம்மா என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் கிட்ட வந்து, "அக்கா, உங்களுக்குப் பல்லு இருக்கே, இவனுக்கு எப்போ வெப்பாங்க? கார்டுல வருமா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அவனுக்கு இப்போ எட்டாவது மாசம். எலும்பு நல்லா ஒட்டிடுச்சாம்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு தமிழ் டீச்சர்